அரிக்கமேட்டில் பார்க்க என்ன இருக்கிறது?



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூலக்குளம் பகுதியிலிருந்து 23 பேர் ஒரு வேன் பிடித்து அரிக்கமேடு போய் வந்தோம். பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். கூடவே நான்கைந்து பேரப்பிள்ளைகள். முதலில் அருங்காட்சியகம், பிறகு அரியாங்குப்பம் ஆற்றில் படகு, கடைசியில் மேடு என்று திட்டம். வரலாறு நடத்தியவன் என்பதால் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

மேட்டில் இறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "இன்னா சார் இது, வெறும் தோப்பா இருக்கு? இதைப் பார்க்கவா காலையில ஆறு மணிக்கு எழுப்பினீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. மாமரம், தென்னை, கம்பி வேலி, புல். நடுவில் செங்கல் தூண்கள். அவற்றின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்ட இரண்டு பேர், அது ரோமானியர் கட்டியது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கிறித்தவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். அரிக்கமேட்டுக்குப் போகிற பலரும் அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அன்று வெயிலில் நின்றுகொண்டு பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆறு. செஞ்சி மலைப் பக்கம் பிறக்கும் சங்கராபரணி நம் வில்லியனூரைக் கடந்து வந்து, கடலுக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு. இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. படகில் கடலை நோக்கிப் போகும்போது இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். வலது கரையில் நிலம் திடீரென்று உயர்கிறது. அந்த உயரம்தான் அரிக்கமேடு. பல நூறு ஆண்டுகள் மனிதர்கள் வாழ்ந்து, வீடு இடிந்து, அதன் மேல் வீடு கட்டி, அடுப்புச் சாம்பலும் உடைந்த பானையும் சேர்ந்து சேர்ந்து உயர்ந்த மண் அது.

பெயருக்கு இரண்டு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். அருகன் மேடு என்பது திரிந்தது என்று ஒரு கருத்து. ஆறு அரித்த மேடு என்று இன்னொரு கருத்து. எது சரியோ, படகிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டாவதுதான் மனதில் ஒட்டும். கரை சரிந்து சரிந்துதான் உள்ளே இருந்த சுவரும் ஓடும் வெளியே தெரிய வந்தன.

முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஒரு வானியல் அறிஞர். லெ ழாந்தி என்ற பிரெஞ்சுக்காரர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கோள் கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் எதை அளப்பது? எட்டு வருடம் காத்திருந்தால் இன்னொரு முறை வரும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரி வந்து ஆய்வுக்கூடம் அமைத்துத் தயாராக இருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து மேகம்! வானத்தில் பார்க்க வந்தது கிடைக்காத மனிதர், இங்கே இருந்த நாட்களில் மக்களையும் கோயில்களையும் இடிபாடுகளையும் பார்த்து எழுதினார். வீராம்பட்டினம் பகுதியின் பழைய சின்னங்களும் அவர் எழுத்தில் இடம்பெற்றன.

அதன் பிறகு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1930களில் ழுவோ துப்ராய் என்ற பேராசிரியர் வந்தார். புதுச்சேரியின் காலனியக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். பல்லவர் கலையைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர். மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டில் நிறம் நிறமாகக் கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் மேலே வரும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். அவர்களிடமிருந்து அவர் மணிகளைச் சேகரித்தார். அப்படி வந்தவற்றில் ஒரு மனிதத் தலை செதுக்கிய மணிக்கல்லும் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார். இது ரோமானியத் தொடர்புள்ள ஊர் என்ற பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடித்தது. 1941இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஐயப்பன் வந்து பார்த்தார். அந்த ஆண்டுகளில் ஃபோஷே பாதிரியாரும் சுர்லோ என்பவரும் தோண்டினார்கள்.

1944இல் மார்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தபோது உடைந்த ஜாடியின் கழுத்துப் பகுதி ஒன்று கையில் அகப்பட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் ஏற்றி அனுப்பும் இரண்டு பிடி ஜாடி. ஆம்போரா என்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். புதுச்சேரி என்றார்கள். உடனே ரயில் ஏறி வந்தார். இங்கே நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளைப் பார்த்ததும் அவருக்குக் காரியம் புரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1945இல், மாணவர்களையும் அதிகாரிகளையும் கூட்டி வந்து முறையாகத் தோண்டினார். இங்கே பிரெஞ்சு ஆட்சி, தோண்ட வந்தவர் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி. உலகப் போர் வேறு முடியவில்லை. அந்தச் சமயத்தில் இது நடந்தது என்பதே ஓர் ஆச்சரியம்.

இப்போது தபால்காரரின் கேள்விக்கு வருகிறேன். வீலருக்கு அப்படி என்னதான் கிடைத்தது?

தங்கம் இல்லை, சிலை இல்லை. உடைந்த சிவப்புத் தட்டுகள் கிடைத்தன. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் செய்த பளபளப்பான தட்டுகள். செய்த குயவர் தன் பெயரை அடியில் முத்திரையாகக் குத்துவது அங்கே வழக்கம். நம் அரிக்கமேட்டு ஓடுகளிலும் வீபியே, கமூரி, இட்டா என்று முத்திரைகள் இருந்தன. அந்த வகைத் தட்டுகள் எந்த ஆண்டுகளில் புழங்கின என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டின் பாதியோடு அவற்றின் காலம் முடிகிறது. ஆகவே அந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ, அந்த அடுக்குக்கு ஒரு காலம் கிடைத்துவிடுகிறது. அதே அடுக்கில் கிடக்கும் நம் ஊர்ப் பானைக்கும் காலம் கிடைக்கிறது.

இதன் மதிப்பு என்ன என்று ஆசிரியர்களுக்குச் சட்டென்று புரியும். அதுவரை தென்னிந்தியாவில் மண்ணுக்கடியில் கிடைத்த பானை, தாழி, இரும்பு எதற்கும் உறுதியான காலம் சொல்ல வழியில்லை. தேதி போடாத கடிதக் கட்டு மாதிரி கிடந்தன. அரிக்கமேட்டில்தான் முதன்முதலாக ஒரு கடிதத்தில் தேதி முத்திரை கிடைத்தது. அதை வைத்து மற்றவற்றை வரிசைப்படுத்த ஆரம்பித்தார்கள். உள்ளே சக்கரம் சக்கரமாகப் புள்ளி வரி போட்ட தட்டு ஒன்று உண்டு. ரூலெட்டட் தட்டு என்பார்கள். அது இங்கே இத்தாலித் தட்டோடு சேர்ந்து கிடைத்தது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியையும் சந்திரவள்ளியையும் வீலர் தோண்டியபோது இந்தத் தட்டுதான் காலம் சொல்ல உதவியது. ஆக, தென்னிந்தியத் தொல்லியலின் முதல் நாள்காட்டி நம் காக்காயந்தோப்பில் கிடைத்தது. நான் இதைச் சொன்னதும் தபால்காரர், "அப்போ போஸ்ட்மார்க் மாதிரின்னு சொல்லுங்க" என்றார். ஆமாம், அதேதான்.

சுமார் 45 மீட்டர் நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடமும் வெளிப்பட்டது. சரக்குக் கிடங்காக இருக்கலாம் என்றார் வீலர். செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் கிடைத்தன. துணிக்குச் சாயம் ஏற்றும் இடமாக இருக்கலாம் என்று கருதினார். இவையெல்லாம் இப்போது எங்கே? மண்ணுக்கடியில்தான். தோண்டிப் படம் எடுத்து, வரைந்து, அளந்த பிறகு குழிகளை மூடிவிட்டார்கள். திறந்து போட்டால் மழையில் கரைந்துவிடும். நாம் நடந்த புல்லுக்குக் கீழேதான் அந்தச் சுவர்கள் இருக்கின்றன. அதனால்தான் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் வீலர் சொன்னதில் எல்லாம் நிலைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த வியாபாரிகளால் திடீரென்று பெரிதான ஊர், ஏறத்தாழ இருநூறு ஆண்டு வாழ்ந்து முடிந்த ஊர் என்பது போல அவர் படம் வரைந்தார். நம் பாடப் புத்தகங்களிலும் பல காலம் அரிக்கமேடு என்றால் ரோமானியர் வணிக நிலையம் என்றே இருந்தது. நானும் மற்ற ஆசிரியர்களும் அப்படித்தான் நடத்தினோம், அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழுவோடு தோண்டினார். பழைய குழிகளின் பதிவுகளையும் திரும்பப் படித்தார். அதில் தெரிந்தது இது. ரோமக் கப்பல் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அந்த வியாபாரம் குறைந்த பிறகும் ஊர் உடனே அழியவில்லை. பிற்காலத்திலும் மக்கள் இருந்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பொருள் என்று ஒரு காலத்தில் நினைத்த ரூலெட்டட் தட்டும் இந்தியாவில் செய்ததுதான். அந்தத் தட்டு இந்தோனேசியாவின் பாலித் தீவில் செம்பிரான் வரைக்கும் போயிருக்கிறது. தமிழ் பிராமி எழுத்து கீறிய ஓடுகளும் இங்கே கிடைத்தன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் பயணக் குறிப்பு' என்ற வழிகாட்டி நூல், இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்று மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. பொதுகே என்பது இந்த அரிக்கமேடுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. அந்த நூல் அங்கே நின்ற படகுகளையும் சொல்கிறது. கரையோரமாகவே சேர நாட்டுப் பக்கம் போய்வரும் உள்ளூர்ப் படகுகள், மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா என்ற பெரிய கலங்கள், கங்கைக்கும் கிழக்கே தங்க நாட்டுக்கும் போகும் கொலாந்தியா என்ற மிகப் பெரிய கப்பல்கள். மூன்றுமே இந்தக் கடல்களில் ஓடிய கலங்கள். படகில் போகும்போது பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன். "நாம் போற இதே தண்ணியில அந்தப் படகுங்க வந்து நின்னுச்சு. ஓட்டினவங்க பெரும்பாலும் நம்ம ஆளுங்க."

இங்கிருந்து போன சரக்கின் பயணத்தையும் சொன்னேன். மேற்குக் கரைத் துறைமுகங்களில் கப்பல் ஏறி, பருவக்காற்றைப் பிடித்து அரபிக் கடலைத் தாண்டி, எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸில் இறங்கும். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் கரையில் கோப்டோஸ் என்ற ஊர். அங்கே மறுபடி ஆற்றுப் படகு. நைல் வழியே அலெக்சாந்திரியா. அப்புறம் ரோம். இன்றைக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டி நைல் நதியில் சொகுசுக் கப்பலில் கோயில் கோயிலாகப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஆற்றில் நம் சரக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே போயிருக்கிறது. பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்திய ஜாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. மியோஸ் ஹோர்மோஸில் கண்ணன், சாத்தன் என்ற தமிழ்ப் பெயர்கள் கீறிய ஓடுகள் கிடைத்தன. 'பானை உறி' என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடும் அங்கேதான் கிடைத்தது. உறியில் தொங்கவிட்ட பானை! நம் பாட்டி வீட்டுச் சொல்.

இந்தப் பேச்சுக்கு நடுவில் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது. எங்களோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன், வழியோரம் கழுவிவிட்ட மண்ணில் ஒரு பச்சை மணியைக் கண்டுவிட்டான். கடுகை விடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடி. நடுவில் துளை. எனக்கே கை நடுங்கியது. கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சூடேற்றி முனையை மழுக்கிச் செய்வது. அரிக்கமேட்டின் பெரிய தொழிலே இதுதான். பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இந்த வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணி' என்று பெயர் வைத்தார். இதே முறையில் ஆந்திராவில் பாப்பாநாயுடுப்பேட்டையில் நம் காலத்திலும் மணி செய்து வந்திருக்கிறார்கள்.

பையனின் தாத்தா மெதுவாக, "பாக்கெட்ல போட்டுக்கடா, ஞாபகமா இருக்கட்டும்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு மணிதானே என்று எல்லோருக்கும் தோன்றும். பையன் என் முகத்தைப் பார்த்தான்.

நான் அவனிடம் காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்த பெட்டியை நினைவுபடுத்தினேன். ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய மணிகள். "அதுல எது முதல்ல செஞ்சது, எது கடைசியில செஞ்சதுன்னு உன்னால சொல்ல முடியுமா?" "முடியாது சார்." "எங்கே, எந்த ஆழத்துல, எதோட சேர்ந்து கிடந்துச்சுன்னு எழுதி வச்சிருந்தா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ சொல்லலாம் சார். அந்த இத்தாலித் தட்டு மாதிரி" என்றான். முப்பது வருடம் பாடம் நடத்தினாலும் இப்படி ஒரு பதில் எப்போதாவதுதான் கிடைக்கும்.

இந்த மேட்டின் கதையே அதுதான். பல காலமாக ஆளாளுக்கு இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தது அழகாக இருந்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சாதாரண உடைந்த தட்டு, கிடந்த இடத்திலேயே கிடந்ததால், ஒரு நாட்டின் காலக்கணக்கையே சொல்லிற்று. பெக்லி அம்மையாரால் வீலரைத் திருத்த முடிந்ததற்கும் காரணம், எது எங்கே கிடைத்தது என்று வீலர் எழுதி வைத்துவிட்டுப் போனதும், தோண்டாமல் கொஞ்சம் மண் மிச்சம் இருந்ததும்தான். சட்டமும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட இடம். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது. பையன் தானாகவே போய்க் காவலாளியிடம் மணியைக் கொடுத்து, கிடந்த இடத்தையும் கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தான். தாத்தாவும் கூடப் போனார். வேனில் திரும்பும்போது அவர்தான் மற்றவர்களுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

இனி நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு செய்தி.

கசால் அரிக்கமேட்டோடு நிற்கவில்லை. புதுச்சேரியைச் சுற்றிய ஈமக்காடுகளையும் தோண்டினார். ஒன்று சுத்துக்கேணி. இன்னொன்று நம் மூலக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரையர்பாளையம். பிரெஞ்சு நூலில் 'மூத்ரபாளையோன்' என்று எழுதியிருப்பார்கள். பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் பார்த்திருப்பீர்கள், அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் போனது இந்த முத்திரையர்பாளையத்திலிருந்துதான். அந்த ஊர் மண்ணுக்கடியில் தாழிகள் புதைத்த இரும்புக்கால மக்கள் இருந்திருக்கிறார்கள். ரோமானியர் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் ஆற்றங்கரையில் மட்டும் இல்லை. நம் தெருவுக்கு அடியிலும் இருக்கலாம்.

நான் இங்கே வந்த காலத்தில் மூலக்குளத்தில் பாதி வயல். இப்போது மனைப்பிரிவும் அடுக்குமாடியுமாக மாறிவிட்டது. தினமும் எங்காவது ஜேசிபி இறங்குகிறது. அஸ்திவாரம் தோண்டும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடோ, பெரிய தாழியின் விளிம்போ, துருப்பிடித்த இரும்போ வந்தால், "பழைய சாவுப் பானை, வீட்டுக்கு ஆகாது" என்று உடைத்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். தெரிவித்தால் வேலையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. கடன் வாங்கி வீடு கட்டுகிறவரின் பயம் எனக்கும் புரிகிறது. குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். அசைப்பதற்கு முன் செல்போனில் நான்கு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ செங்கல்லோ வைத்து எடுங்கள். எந்த மனை, எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.

அரிக்கமேடு போக விரும்புகிறவர்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. பிறகு ஆற்றில் படகில் போய் மேட்டைத் தண்ணீர்ப் பக்கமிருந்து பாருங்கள். கடைசியில் மேட்டில் நடங்கள். இந்த வரிசையில் போனால் வெறும் தோப்பாகத் தெரியாது. குடிதண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள், அங்கே கடை கிடையாது.

அடுத்த மாதம் முத்திரையர்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் ஒரு நடை போகலாம் என்று இருக்கிறோம். தபால்காரர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார். "அங்கேயும் ஒண்ணும் இருக்காது, தெரியும். வரேன்" என்றார்.